சென்சாரை மறந்த குழாய்: ஓர் ஆக்டேவியா ஆர்எஸ் காரின் காற்றேற்புக் குழாயை மறுபடி செய்த நிகழ்வு ஆய்வு

சென்ற ஆண்டு கோடையில், அம்பத்தூரில் உள்ள எங்கள் சிறிய பட்டறைக்கு ஒரு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வந்தது. 2004இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த இந்த மாடலில் 1,781 சி.சி. டர்போ எஞ்சின், அதாவது காற்றை அழுத்திச் சிலிண்டர்களுக்கு அனுப்பும் டர்போ என்ற சுழலி பொருத்திய எஞ்சின், இருக்கிறது. நான்கு சிலிண்டர்கள், சிலிண்டருக்கு ஐந்து வால்வுகள், 150 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்பவை அதன் கணக்கு. வாங்கியவர்கள் எளிதில் விற்றுவிடாத கார் இது. இதன் உரிமையாளரும் அப்படிப்பட்டவர்தான். இருங்காட்டுக்கோட்டையில் உள்ள 3.717 கிலோமீட்டர் பந்தயத் தடத்தில் அவ்வப்போது காரை ஓட்டிப் பார்ப்பவர், மற்ற நாட்களில் அதே காரில் அலுவலகம் செல்பவர்.

அவர் சொன்ன குறைகள் மூன்று. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு அணைவதில்லை. வெயில் நேரத்தில் மூன்றாவது கியரில் மிதியை முழுதாக அழுத்தினால் நாக்கிங் சத்தம், அதாவது சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடிக்கும் தட்டல் ஒலி, கேட்கிறது. மிதியிலிருந்து காலை எடுத்து மீண்டும் அழுத்தும்போது வண்டி ஒரு கணம் தயங்கி உதறுகிறது. இவை அனைத்தும் புதிய அலுமினியக் காற்றேற்புக் குழாய் பொருத்திய பிறகே தொடங்கின என்பதையும் அவரே சொன்னார்.

அந்தக் குழாயை வேறொரு பட்டறை செய்திருந்தது. அதற்கு ஒரு நியாயமான காரணமும் இருந்தது. இந்த எஞ்சினில் டர்போ, எஞ்சினுக்குப் பின்புறம், பயணியர் அறைச் சுவரை ஒட்டி அமர்ந்திருக்கிறது. முன்பக்கத்தில் உள்ள ஃபில்டர் பெட்டியிலிருந்து காற்றை அதுவரை கொண்டுசெல்லும் பழைய ரப்பர் குழாய், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளிவிடும் பிரீதர் வழியாக வரும் எண்ணெய் ஆவியில் பல ஆண்டுகள் ஊறி இளகியிருந்தது. இளகிய குழாய் சூடேறியதும், டர்போ வேகமாக உறிஞ்சும் நேரத்தில், உள்நோக்கிச் சப்பையாகி வழியை அடைத்துக்கொண்டது. மேல் சுற்றுகளில் இழுவை குறைந்ததை உரிமையாளர் சரியாகவே கவனித்திருந்தார். அந்த வயதுடைய எந்த ரப்பருக்கும் நேரக்கூடியதுதான் அது. மாற்ற வேண்டும் என்ற முடிவிலும் பிழை இல்லை. மாற்றிய விதத்தில்தான் பிழை நேர்ந்தது.

புதிய குழாய் பார்வைக்கு அழகாக இருந்தது. 76 மில்லிமீட்டர் வெளிவிட்டம், பளபளப்பான மெருகு, சீரான வெல்டிங். ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு ஒரு கூம்பு ஃபில்டரை நுனியில் செருகியிருந்தார்கள். காற்று நிறையை அளக்கும் சென்சாரை அதன் மூலக் கூட்டிலிருந்து கழற்றி, குழாயின் முதல் வளைவு முடியும் இடத்தில் ஒரு பட்டையை வெல்டு செய்து அதில் பொருத்தியிருந்தார்கள். காற்று தாராளமாகச் செல்ல வேண்டும் என்பது ஒன்றே அதைச் செய்தவர்களின் எண்ணமாக இருந்திருக்கிறது. ஆனால் இந்த வகை எஞ்சினில் அந்தக் குழாய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. அது ஓர் அளவுகோல். அதன் உள்விட்டத்தை மாற்றினால் அளவுகோலில் உள்ள கோடுகளையே நகர்த்தியதாகும்.

சென்சார் என்ன செய்கிறது என்பதை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் முழுச் சிக்கலும் அதில்தான் அடங்கியிருக்கிறது. சூடாக்கப்பட்ட ஒரு மெல்லிய படலத்தின் இரு புறமும் வெப்பத்தை உணரும் புள்ளிகள் உள்ளன. காற்று கடக்கும்போது ஒரு புறம் அதிகமாகவும் மறுபுறம் குறைவாகவும் குளிர்கிறது. அந்த வேறுபாட்டிலிருந்து காற்று எவ்வளவு கடந்தது, எந்தத் திசையில் கடந்தது என்பது மின்னழுத்தமாக வெளிவருகிறது. ஆனால் சென்சார் முழுக் குழாயையும் பார்ப்பதில்லை. நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் சிறிய கால்வாய்க்குள் நுழையும் காற்றை மட்டுமே அது பார்க்கிறது. அந்தச் சிறு பங்கிலிருந்து மொத்தத்தைக் கணக்கிட, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்குள் ஓர் அட்டவணை எழுதப்பட்டிருக்கிறது. இந்த உள்விட்டம், இந்த வலை, இந்த நேர்கோட்டு ஓட்டம் இருந்தால் இந்த மின்னழுத்தத்துக்கு இத்தனை கிராம் காற்று என்பது அந்த அட்டவணையின் பொருள்.

பழைய கூட்டை உரிமையாளர் தூக்கி எறியாமல் வைத்திருந்தது எங்கள் நல்வாய்ப்பு. வெர்னியரில் அதன் உள்விட்டம் 60 மி.மீ.க்கு மிக அருகில் இருந்தது. புதிய குழாயின் உள்விட்டம் 73 மி.மீ. விட்ட வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும் பரப்பு வர்க்கத்தில் உயர்கிறது: 73ஐ 60ஆல் வகுத்து வர்க்கமாக்கினால் 1.48. அதே அளவு காற்று 48 சதவீதம் கூடுதலான பரப்பில் பரந்து, அதற்கேற்ப மெதுவாகச் செல்லும். சென்சார் அந்த மெதுவான ஓட்டத்தைக் கண்டு, உண்மையில் வரும் காற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் வருகிறது என்று ஈசியூவிடம் சொல்லும். ஈசியூவும் அதற்கேற்ற பெட்ரோலையே தெளிக்கும்.

வண்டியில் கணினியை இணைத்துப் பார்த்தபோது கணக்கும் நடப்பும் ஒத்துப்போயின. பதிவாகியிருந்த பிழைக் குறியீடு பி1128. கலவை மெலிந்திருக்கிறது (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை), அதை ஈடுகட்ட ஈசியூ பெட்ரோல் அளவில் செய்யும் பெருக்கல் திருத்தம் எல்லையைத் தொட்டுவிட்டது என்பது அதன் பொருள். நெடுங்காலத் திருத்தம் எனப்படும் அந்த அளவு 25 சதவீதத்தில் முட்டி நின்றது. தேவைப்பட்டதோ அதைவிட அதிகம். மூன்றாவது கியரில் முழு மிதியில் ஓட்டிப் பதிவு செய்தபோது காற்று நொடிக்கு 82 கிராமுக்கு மேல் ஏறவில்லை. இந்த எஞ்சின்களுக்குப் பட்டறைகளில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: குதிரைத்திறனை 0.8ஆல் பெருக்கினால் உச்சத்தில் நொடிக்கு எத்தனை கிராம் என்பது கிடைக்கும். 150 குதிரைத்திறனுக்கு 120 கிராம் வர வேண்டும். 82 கிராம் காற்றுக்கு இந்த இழுவை சாத்தியமே இல்லை. சென்சார் குறைத்துச் சொல்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவைப்படவில்லை.

நாக்கிங்குக்கும் இதுவே வேர். காற்று குறைவாக வருவதாக நம்பும் ஈசியூ, எஞ்சின் மீதுள்ள சுமையும் குறைவு என்று முடிவு செய்து, தீப்பொறியை முன்கூட்டியே கொடுக்கிறது. உண்மையில் சிலிண்டர் நிறையக் காற்று இருக்கிறது, பெட்ரோல் போதவில்லை, தீப்பொறியும் முந்துகிறது. சென்னைக் கோடையில் ஒரு டர்போ எஞ்சினுக்கு இதைவிட ஆபத்தான சேர்க்கை அரிது. நாக் சென்சார் ஒவ்வொரு முறையும் தீப்பொறியைப் பின்னிழுத்து எஞ்சினைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காவலை நம்பித் தடத்தில் இருபது நிமிடம் ஓட்டலாம் என்று நினைப்பது பிஸ்டனைப் பணயம் வைப்பதாகும். உரிமையாளரிடம் அன்றே இதைச் சொல்லி, வேலை முடியும்வரை மிதியை முழுதாக அழுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம்.

இரண்டு வழிகள் இருந்தன. 73 மி.மீ. குழாயை வைத்துக்கொண்டு ஈசியூவின் அட்டவணையை மாற்றி எழுதுவது ஒன்று. எஞ்சினின் திறனை 150இலிருந்து வெகுவாக உயர்த்துபவர்களுக்கு அது சரியான வழி, ஏனெனில் சிறிய கூட்டில் சென்சார் ஒரு கட்டத்தில் தன் உச்ச அளவைத் தொட்டுவிடும். இந்த எஞ்சினோ மாற்றம் எதுவும் செய்யப்படாதது. மேலும், வளைவு முடியும் இடத்தில் ஓட்டம் ஒரு புறமாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு வேகத்துக்கு வேகம் மாறும் என்பதால் அட்டவணையை எவ்வளவு திருத்தினாலும் அளவு நிலைக்காது. ஆகவே சென்சாரை அதன் மூலக் கூட்டுக்கும், கூட்டை மூல ஃபில்டர் பெட்டிக்கும் திருப்பிவிட்டு, அதற்குப் பின்னுள்ள பகுதியை மட்டும் புதிதாகச் செய்வது என்று தீர்மானித்தோம். ஃபில்டர் பெட்டி என்றால் பலருக்கு இளக்காரம். ஆனால் அதன் வாய்க்கருகில் உள்ள வளைந்த விளிம்பும் கூட்டில் உள்ள வலையும் சேர்ந்து காற்றை நேராக்கிச் சென்சாரிடம் ஒப்படைக்கும் வேலையை எந்தக் கூம்பு ஃபில்டரும் செய்வதில்லை.

மழையும் இந்த முடிவுக்கு ஒரு காரணம். குளிர்ந்த காற்றுக்காகக் குழாயின் வாயைப் பம்பருக்குக் கீழே இறக்கும் வழக்கம் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் சென்னைத் தெருக்களில் முழங்கால் அளவு நீர் நிற்பதை அறிந்தவர் அதைச் செய்யமாட்டார். நீர் அழுந்தாது, சிலிண்டருக்குள் ஒரு குவளை நீர் புகுந்தாலே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

அடுத்தது குழாயின் விட்டம். 35 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.15 கிலோ. நொடிக்கு 120 கிராம் என்றால் ஏறத்தாழ 105 லிட்டர். 63.5 மி.மீ. வெளிவிட்டமும் 1.6 மி.மீ. சுவரும் கொண்ட குழாயில் இந்தக் காற்று நொடிக்கு 37 மீட்டர் வேகத்தில் செல்லும், 70 மி.மீ. குழாயில் 30 மீட்டர், 76 மி.மீ. குழாயில் 25 மீட்டர். டர்போவின் வாயில் வழி ஏறக்குறைய 50 மி.மீ.க்குச் சுருங்குவதால், எதைப் போட்டாலும் கடைசியில் 50 மீட்டருக்கு மேல் வேகமெடுத்தே ஆக வேண்டும். 63.5 மி.மீ. குழாயில் இதமான ஒரு தொண்ணூறு டிகிரி வளைவு எடுத்துக்கொள்ளும் அழுத்தம் சுமார் 2 மில்லிபார் மட்டுமே. விட்டத்தைப் பெருக்கி அந்த இரண்டைப் பாதியாக்கினாலும், காற்றழுத்தம் ஆயிரம் மில்லிபாருக்கு மேல் இருக்கும்போது அதன் பயனை ஓட்டுபவர் உணரப்போவதில்லை. மாறாக, 76 மி.மீ.யிலிருந்து 50 மி.மீ.க்குத் திடீரென்று இறங்கும் ஒரு கூர்மையான படி அதைவிட அதிகமாக இழக்கச் செய்யும். எனவே 63.5 மி.மீ. குழாயையே எடுத்து, கடைசி 80 மி.மீ. நீளத்தில் படிப்படியாக ஒடுங்கும் ஒரு கூம்புத் துண்டை லேத்தில் கடைந்து சேர்த்தோம். முழு வேலையிலும் காற்றோட்டத்துக்கு நேரடி நன்மை தந்த பகுதி எது என்று கேட்டால் இந்தக் கூம்பைத்தான் காட்டுவேன்.

மாதிரி செய்ய வீட்டுக் குழாய்க் கடையில் கிடைக்கும் 63 மி.மீ. பி.வி.சி. குழாயும் எல்போக்களும் போதுமானவையாக இருந்தன. வெட்டி, ஒட்டுநாடா சுற்றி, எஞ்சினுக்கும் சுவருக்கும் இடையிலான குறுகிய இடத்தில் நுழைத்துப் பார்த்து, இடிக்கும் இடங்களைப் பேனாவால் குறித்துக்கொண்டே போகலாம். இதில் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு: ஃபில்டர் பெட்டி பாடியோடு பிணைந்தது, டர்போ எஞ்சினோடு பிணைந்தது. மிதியை அழுத்தும்போது எஞ்சின் தன் மவுண்ட்டுகளில் பின்னோக்கிச் சாய்கிறது. நிற்கும் வண்டியில் விரல் நுழையும் இடைவெளி, ஓடும் வண்டியில் இல்லாமல் போகலாம். ஆகவே எல்லாப் புறமும் குறைந்தது 15 மி.மீ. விட்டு, குழாயின் இரு முனைகளிலும் சிலிக்கான் ஹோஸ் இணைப்பு வைத்து, நடுவில் உள்ள ஒரே தாங்கியையும் ரப்பர் வளையத்தின் மேல் அமர்த்தினோம்.

பொருளைப் பற்றி உரிமையாளருக்கு ஐயம் இருந்தது. அலுமினியம் சூட்டை இழுக்காதா என்று அவர் கேட்டது நல்ல கேள்விதான், கணக்கிட்டே பதில் சொல்ல வேண்டியிருந்தது. முழு மிதியில் காற்று 60 செ.மீ. குழாயைக் கடக்க நொடியின் அறுபதில் ஒரு பங்குகூட ஆவதில்லை. குழாயின் சுவர் 80 டிகிரியிலேயே இருந்தாலும் அந்தக் காற்று 5 டிகிரிக்கும் குறைவாகவே சூடாகும். பாடிப் பகுதியின் சாலை நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது நிலைமை வேறு. நொடிக்கு 3 கிராம் காற்று மெதுவாகத் தவழும், அது 10 டிகிரிக்கு மேலும் சூடேறக்கூடும். அப்போது யாரும் எஞ்சினிடம் திறனைக் கேட்பதில்லை. ஆனால் ஃபில்டர் எங்கிருந்து காற்றை எடுக்கிறது என்பது எப்போதும் முக்கியம். பழைய கூம்பு ஃபில்டர் மூடியே இல்லாமல் பானெட்டுக்குள்ளிருந்த சூடான காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. உள்ளே வரும் காற்று 35இலிருந்து 60 டிகிரிக்கு உயர்ந்தால் அடர்த்தி ஏழு சதவீதத்துக்கு மேல் குறைகிறது. டர்போ அதை 1.6 மடங்கு அழுத்தி வெளியேற்றும்போது சுமார் 98 டிகிரிக்குப் பதிலாக 128 டிகிரியில் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு அனுப்புகிறது. அசல் பெட்டியோ வெளிக்காற்றை முன்புறத்திலிருந்து எடுக்கிறது. அதைத் திரும்பப் பொருத்தியதே பெரும் வித்தியாசத்தைத் தந்திருக்க வேண்டும்.

முப்பரிமாண அச்சில் பிளாஸ்டிக் குழாய் செய்யலாமா என்ற பேச்சும் எழுந்தது. எளிதில் கிடைக்கும் பி.எல்.ஏ. என்ற அச்சுப் பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகிவிடும். டர்போவுக்கு அருகில் அதற்கு இடமே இல்லை.

வெல்டிங்கை அருகிலுள்ள ஆர்கான் வெல்டிங் பட்டறையில், அலுமினியத்தில் முப்பது ஆண்டுகள் கை பழகிய ஒருவர் செய்து கொடுத்தார். ஆயத்தமாக வளைத்து விற்கப்படும் பெண்டுகளை வாங்கி வெட்டிச் சேர்த்ததால் மூன்றே இணைப்புகள் வந்தன. டர்போவுக்கு அருகிலுள்ள இறுக்கமான திருப்பத்துக்கு மட்டும் ஆயத்த பெண்டு பொருந்தவில்லை. அதைச் சாய்வாக வெட்டிய துண்டுகளை ஒட்டி வளைக்க வேண்டியதாயிற்று. வேலை முடிந்து கையில் கொடுத்தபோது அவர், “உள்ளே வழிஞ்சு நிக்கிற மணியை எடுக்காம மாட்டிராதீங்க தம்பி” என்று எச்சரித்தார். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலும் கம்ப்ரசர் சக்கரத்துக்கு முன்னால் உள்ள குழாய் அது; உதிரும் ஓர் அலுமினியத் துணுக்கு அதன் இதழ்களைச் சிதைக்கப் போதும். உட்புறத்தை அரைத்துச் சமன் செய்து, மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து, துணி இழுத்து, மறுபடியும் கழுவினோம். இரு முனைகளிலும் சுற்றிலும் ஒரு சிறு மேடு எழுப்பினோம். அந்த மேடு இல்லாவிட்டால் கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் ஹோஸ் நாளடைவில் நழுவும்.

குழாயில் மூன்று கிளைகள் வேண்டும்: டைவர்ட்டர் வால்விலிருந்து திரும்பும் காற்றுக்கு ஒன்று, எஞ்சின் பிரீதருக்கு ஒன்று, டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வின் மெல்லிய ஹோஸுக்கு ஒன்று. இங்கேதான் நாங்களும் ஒரு தவறு செய்தோம்.

மிதியிலிருந்து காலை எடுத்ததும், எஞ்சினுக்குள் காற்றை விடும் கதவான திராட்டில் மூடிக்கொள்கிறது; டர்போ அழுத்தி வைத்த காற்றுக்குப் போக்கிடம் இல்லை. டைவர்ட்டர் வால்வு திறந்து அதை டர்போவின் முன்புறத்துக்கே திருப்பிவிடுகிறது. சென்சார் ஏற்கெனவே எண்ணிவிட்ட காற்று அது. வெளியே விட்டுவிட்டால் இல்லாத காற்றுக்கு ஈசியூ பெட்ரோல் தெளிக்கும். ஆகவே உள்ளே திருப்புவது கட்டாயம். எங்கள் முதல் குழாயில் அந்தக் கிளையைச் செங்குத்தாக, சென்சார் கூட்டிலிருந்து 12 செ.மீ. தொலைவில், இடம் வசதியாக இருந்தது என்பதற்காகவே வைத்தோம். திருத்த அளவுகள் எல்லாம் சரியாயின, நாக்கிங் நின்றது, ஆனால் காலை எடுத்து மீண்டும் அழுத்தும்போது வரும் உதறல் மட்டும் போகவில்லை. பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, வால்வு திறக்கும் கணத்தில் காற்றின் அளவு ஒழுங்கின்றிக் குதிப்பது தெரிந்தது. திரும்பி வந்த காற்று எதிர்ச்சுவரில் மோதி இரு பக்கமும் சிதறி, ஒரு பகுதி சென்சாரை நோக்கிப் பின்னோக்கிப் பாய்ந்திருக்கிறது.

அந்தக் கிளையை அறுத்து, ஓட்டையை மூடி, டர்போவுக்கு அருகில் 30 டிகிரி சாய்வில், வாய் டர்போவை நோக்கி இருக்கும்படி மறுபடி வெல்டு செய்தோம். இரண்டு ஆறுகள் கூடும் இடத்தைப் போலத் திரும்பும் காற்று முதன்மை ஓட்டத்தோடு சேர்ந்து அதே திசையில் செல்ல வேண்டும். உதறல் அன்றே நின்றது. முதல் பட்டறையின் குழாயிலும் இந்தக் கிளை செங்குத்தாகவே இருந்தது என்பதைப் பார்த்திருந்தும், சென்சாரின் விட்டத்திலேயே கவனம் வைத்து அதைப் படியெடுத்தது எங்கள் குறை.

கசிவுச் சோதனைக்கு ஒரு மாலை முழுவதும் செலவழித்தோம். சென்சாருக்கும் டர்போவுக்கும் இடையில் ஊசி முனையளவு துளை இருந்தாலும் எண்ணப்படாத காற்று நுழையும். வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலில் திருத்தம் மேலேறும். குழாயின் முன்முனையை அடைத்து, பிரீதர் கிளையையும் தனியாக அடைத்து, 0.3 பார் அழுத்தம் மட்டும் ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவினோம். பிரீதரை அடைக்காமல் அழுத்தம் ஏற்றினால் எஞ்சினின் எண்ணெய்ச் சீல்கள் பிதுங்கிவிடும் என்பதால் அந்த வரிசையை மாற்றக் கூடாது. மெல்லிய ஹோஸ் சேரும் இடத்தில் மட்டும் குமிழிகள் வந்தன. கிளிப்பை மாற்றியதும் நின்றன.

பிழைகளை அழித்து 400 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு எடுத்த அளவுகள்: நெடுங்காலத் திருத்தம் 2 சதவீதத்துக்குள், ஐடிலில் நொடிக்கு சுமார் 3 கிராம், மூன்றாவது கியர் உச்சத்தில் 118 கிராம். பழைய குழாயில் சிலிண்டருக்குச் சிலிண்டர் பல டிகிரி பின்னிழுக்கப்பட்ட தீப்பொறி, இப்போது பெரும்பாலான ஓட்டங்களில் தொடப்படவே இல்லை. இந்தக் குழாய் எஞ்சினுக்குப் புதிதாக எந்தத் திறனையும் கொடுத்துவிடவில்லை என்பதை உரிமையாளரிடம் தெளிவாகச் சொன்னோம். 150 குதிரைத்திறன் எஞ்சின், வெயிலிலும் தடத்திலும், மறுபடி 150 குதிரைத்திறன் எஞ்சினாக நடந்துகொண்டது.

ஆறாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு வண்டியை வரவழைத்துக் குழாயைக் கழற்றினோம். வெல்டுகளில் விரிசல் இல்லை, தாங்கி உறுதியாக இருந்தது, சென்சாரின் வலை தூய்மையாக இருந்தது. ஆனால் பிரீதர் கிளைக்குக் கீழே, டர்போவின் வாயில் இருந்த சிலிக்கான் ஹோஸின் உட்புறம் எண்ணெய் படிந்து சற்றே உப்பியிருந்தது. விரலால் அழுத்தியபோது மேல் இணைப்பைவிட மென்மையாக இருந்தது. சாதாரண சிலிக்கான் எண்ணெய் ஆவியை நெடுநாள் தாங்காது. எண்ணெயைத் தாங்கும் ஃபுளோரோ சிலிக்கான் உட்பூச்சுடன், உறிஞ்சலில் சப்பையாகாதபடி சுவருக்குள் கம்பிச் சுருள் வைத்த ஹோஸை அன்றே வரவழைக்கச் சொல்லி, அது வந்த மூன்றாம் நாள் மாற்றிப் பொருத்தினோம்.